முழுக்கைச் சட்டைகள்

ஜனவரி 14

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, தையல் மெஷின் மூவரும் நலம். மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சிரைப்பு, எண்ணெய் விட்டிருக்கிறேன். எனக்கும் அதே மூச்சிரைப்புதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது? தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

நீ ஏறிய விமானம் எது என்று தெரியாமல், அன்றைக்கு மொட்டைமாடிக்கு மேலே போன மூன்று விமானங்களுக்கும் அம்மா கையசைத்தாள். அதில் ஒன்று எதிர்ப்பக்கமாகப் போனது. சொன்னால் சண்டை வரும் என்று நானும் சேர்ந்து அசைத்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். என் மகள் பதினான்கு பேர் கொண்ட குழுவோடு கடல் தாண்டிப் போய், ஆதரவில்லாத பிள்ளைகளின் இல்லத்தில் சேவை செய்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. பேண்ட் சுருக்க வந்த ஒருவர், "எத்தனை வருஷத்துக்குப் போயிருக்கு?" என்றார். நாலு வாரம் என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவர் பேண்டை அரை இன்ச் கூடுதலாகவே சுருக்கிவிட்டேன்.

ஒரு யோசனை. உன் அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வேலை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டை தைத்து அனுப்புகிறேன். துணிக்கடைக்காரர் மிச்சத் துண்டுகளைத் தருவதாகச் சொல்லிவிட்டார். நீ அளவெடுத்து அனுப்பு. உன் பெட்டியின் ஓரப்பையில் டேப் வைத்திருக்கிறேன். மார்பளவு எடுக்கும்போது டேப்புக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும். பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சிரிக்க வைத்துவிட்டு எடு. பத்து வயதில் நீ கடையில் அளவெடுத்த லட்சணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு தோளும் இரண்டு அளவு எழுதினாய்.

அம்மா என்னென்னவோ கேட்கச் சொல்கிறாள். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரே கேள்விதான்: என்ன சாப்பிட்டாய்?

இத்துடன் நூல் அறுத்துக்கொள்ளும்,
உன் அப்பா.


ஜனவரி 31

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும், மூச்சிரைக்கும் மூன்றாமவரும் நலமா?

கடிதம் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எங்கள் ஃபோன்களை முதல் நாளே ஆபீஸில் வாங்கி வைத்துவிட்டார்கள். கடிதம் எழுதலாம், ஆனால் கவரை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். இல்லத்தின் நிர்வாகியைப் பிள்ளைகள் முதல் நாங்கள் வரை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். நம் மொழிக்காரர். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒட்டி அனுப்புவார். வருகிற கடிதமும் அப்படித்தான்.

நீளமான ஒரே ஹாலில் முப்பத்தொரு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பாய், சுவரில் ஆளுக்கு ஓர் ஆணி. வந்த மறுநாள் சாப்பாட்டு அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் பார்த்தேன். உள்ளே நீலம், அதற்குள் பச்சை, அதற்குள் மறுபடியும் மஞ்சள். எங்களுக்கு முன்னால் வந்த ஒவ்வொரு குழுவும் ஒரு தடவை அடித்திருக்கிறது. நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போன பாட்டையும் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகப் பாடினார்கள்.

ஏழு வயதில் ஒருத்தி இருக்கிறாள். யார் மடியில் உட்கார்ந்தாலும் அவர்கள் சட்டைப் பட்டனைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பாள். குழுவில் எல்லோரும் அவளைப் பட்டன் என்று கூப்பிடப் போய் அதுவே பெயராகிவிட்டது. என் சட்டையில் இப்போது இரண்டு பட்டன் இல்லை.

அளவுப் பட்டியல் இதோடு இருக்கிறது. ஒரு பிரதி என் நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். பையன், பெண் எல்லோருக்கும் முழுக்கைதான் வேண்டும் என்று பெரியம்மா சொன்னார், கொசுவுக்காக. அதனால் மேல்கையைச் சுற்றி டேப் வைத்துக் கைச்சுற்றும் எடுத்திருக்கிறேன்.

குழு பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறது. என்னை மட்டும் ஜூலை வரை இருந்து, மாதாமாதம் வரும் குழுக்களைக் கவனித்துக்கொள்ள முடியுமா என்று பெரியம்மா கேட்கிறார். இருக்கவா, அப்பா?

சாப்பாடு மூன்று வேளையும் நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்.


பிப்ரவரி 18

அன்பு மகளுக்கு,

இங்கே யாவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அம்மா சொல்லும் முழங்கால் வலி.

பட்டியல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்ததில் வாயில் இருந்த ஊசியை விழுங்கியிருப்பேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு மார்பு இருபது இன்ச்சா? அது பிள்ளையா, தலையணை உறையா? கைச்சுற்று ஐந்தே கால் என்று எழுதியிருக்கிறாய். டேப்பை அப்படியா இழுத்துக் கட்டுவாய்? பாவம், பிள்ளைகள் நீலம் பாரித்துப் போயிருப்பார்கள்.

முப்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவன் நான். வயதைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடுவேன். அதனால் நீ எழுதியதையெல்லாம் சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டேன். மார்பில் நாலு, கைச்சுற்றில் இரண்டு கூட்டியிருக்கிறேன். முப்பத்தொரு சட்டையும் பார்சலில் வருகிறது. பட்டனுக்கு மட்டும் பட்டனை இரட்டை நூலில் தைத்திருக்கிறேன், திருகினாலும் வராது.

இருக்கவா என்று கேட்டிருந்தாய். இதற்கு அப்பாவிடம் அனுமதியா? தாராளமாக இரு. அரை இன்ச் கூடச் சுருக்கிய அதே பேண்ட்காரர் மறுபடி வந்தார். "ஜூலை வரைக்கும் இருக்கச் சொல்லிக் கேட்டுருக்காங்க, அவ இல்லாம அங்க ஒண்ணும் ஓடலையாம்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிள்ளைகள் சட்டை போட்ட படம் ஒன்று அனுப்பு. கடையில் மாட்டலாம்.

நாலு இன்ச் பெரிய மனசுக்காரன்,
உன் அப்பா.


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

சட்டைகள் வந்தன. எல்லோருக்கும் தொளதொளவென்று இருக்கின்றன. நான் முகம் சுளித்தேன். பெரியம்மாவுக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுதாம்மா சரி. உங்கப்பா கைராசிக்காரர்" என்றார். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஆபீஸ் ஃபோட்டோக்காரர் எடுத்த படம் இதோடு இருக்கிறது. படம் எடுத்ததும் சட்டைகளைக் கழற்றி மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது, அழுக்காகாமல் இருக்க.

அளவை நான் சரியாகத்தான் எடுத்தேன், அப்பா. டேப்புக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும் என்றீர்கள், போனது.

எங்களுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு வந்த குழுவும் போன வாரம் போய்விட்டது. அடுத்த குழு வர மூன்று வாரம் ஆகும். குழு இல்லாத நாட்களில் சமையல்காரருக்கு லீவு. இடமே அமைதியாக இருக்கிறது. பிள்ளைகள் பகலில் நிறையத் தூங்குகிறார்கள்.

பட்டன் நம் மொழியில் நாலு வார்த்தை பேசுகிறாள். வா, போ, இன்னும், நாளைக்கு.

உங்கள் மகள்.


ஏப்ரல் 4

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம். முழங்கால் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

படத்தைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் "புள்ளைங்க நல்லா புஷ்டியா இருக்காங்களே" என்கிறார்கள். நான்தான் ஊட்டி வளர்த்த மாதிரித் தலையாட்டுகிறேன்.

அம்மா மட்டும் உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "சமையக்காரருக்கு லீவுன்னா அடுப்ப யாரு பத்த வைக்கிறா?" என்கிறாள். உனக்கு எதற்கெடுத்தாலும் அடுப்புதான் என்றேன். "அவ என்ன சாப்பிட்டான்னு இந்தத் தடவை எழுதல" என்றாள். எழுதிவிடு, இல்லாவிட்டால் எனக்கு இங்கே சாப்பாடு கிடைக்காது.

நம் ஊரில் உள்ள, உங்கள் குழுவை அனுப்பிய ஆபீஸிலிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. ஐயா என்று ஆரம்பித்திருந்தார்கள், ஒரு நிமிஷம் வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்துவிட்டேன். ஜூன் இருபதாம் தேதி உதவி செய்கிறவர்கள் எல்லோரும் இல்லத்தைப் பார்க்க வரும் தினமாம். அதற்கு முப்பத்தொரு புதுச் சட்டை, அதே போல முழுக்கை, அதே போல லூஸ்.

மூன்று மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். புதிதாக அளவெடுத்து அனுப்பு. இந்தத் தடவை டேப்பை இழுக்காதே, தாயே.

ஐயா என்று அழைக்கப்பட்ட,
உன் அப்பா.


ஏப்ரல் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுப் பட்டியல் இதோடு இருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்தேன்.

என்னுடைய நீல மேல்சட்டை பெரிதாகிவிட்டது. பக்கத்துக்கு ஒரு இன்ச் வீதம் பிடித்து, அதே போல ஒன்று தைத்து அனுப்புங்கள்.

பட்டனுக்குப் பை வைத்த சட்டை வேண்டுமாம். பையில் எதை வைக்கப் போகிறாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம்.

உங்கள் மகள்.


மே 11

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதம் கவரில் வரவில்லை. உன் நீலச் சட்டையின் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். என் மடிப்பு எப்போதும் விறைப்பாக இருக்காது என்று உனக்குத் தெரியும். தொட்டதும் பிரிப்பாய். கவரில் வேறு ஒரு கடிதம் இருக்கிறது, அதில் முழங்காலும் மெஷினும் நலம்.

உன் இரண்டு பட்டியலையும் வெட்டுமேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். உயரம் எல்லோருக்கும் கால், அரை ஏறியிருக்கிறது. மார்பு எல்லோருக்கும் இறங்கியிருக்கிறது. பட்டனுக்கு ஜனவரியில் இருபது, இப்போது பத்தொன்பது. கைச்சுற்று ஐந்தே கால் இருந்தது, இப்போது நாலே முக்கால். டேப்பை இழுத்துப் பிடிக்கிறவள் ஒன்றிரண்டு பேருக்கு இழுப்பாள். முப்பத்தொரு பேருக்கும் ஒரே மாதிரி இழுக்க முடியாது. அப்புறம் உன் நீலச் சட்டையைப் பற்றி நீ எழுதியதைப் பார்த்தேன். உன் அளவு எனக்குப் பட்டியல் இல்லாமலே தெரியும். பக்கத்துக்கு ஒரு இன்ச் என்றால் என்ன என்றும் தெரியும்.

பட்டியல்களை எடுத்துக்கொண்டு அவர்களுடைய ஆபீஸுக்குப் போனேன். சின்ன வயது அதிகாரி, ரொம்ப மரியாதை, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். நம் கடையில் இருக்கும் அதே படம், பத்து மடங்கு பெரிதாக.

"நீங்களே பாருங்க ஐயா, எவ்வளவு கொழுகொழுன்னு இருக்காங்க. இது நீங்க தைச்ச சட்டைதானே?"

நான் தைத்த சட்டைதான். அவர் கொழுகொழு என்றது நான் உள்ளே வைத்துத் தைத்த நாலு இன்ச் காற்றை. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா கத்தவில்லை. எழுந்து போய்க் கடையில் இருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து திருப்பி வைத்தாள்.

உண்மையை எழுது. அங்கிருந்து திரும்பும் குழுவில் நல்லவர் யாரிடமாவது கையில் கொடுத்தனுப்பு. முடிந்தால் நீயே கிளம்பி வா. பட்டனின் சட்டையில் இரண்டு பக்கமும் பை வைத்திருக்கிறேன்.

அப்பா.


மே 31

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இதைக் கொண்டுவரும் டீச்சரை நம்பலாம். பிரிக்காமல் தருவதாகச் சொன்னார். நலமா என்று கேட்கக்கூட இந்தத் தடவை எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பட்டனுக்கு இனிமேல் தைக்க வேண்டாம், அப்பா.

பதினாறாம் தேதி காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். கார் புதுக் குழுவை அழைத்துவரக் கழுவி நின்றது. "நாளைக்குப் பாக்கலாம்மா, புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வரதுதானே" என்றார் பெரியம்மா. அடுத்த நாள் கார் விமான நிலையத்துக்குப் போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தேன். எடையே இல்லை. அதனால்தான் அவ்வளவு தூரம் நடக்க முடிந்தது. பஸ் நிறுத்தத்தில் என் மடியில் இருந்தபடியே போய்விட்டாள். கை என் பட்டனில்தான் இருந்தது.

பெரியம்மா அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். பீரோவைத் திறந்து நீங்கள் தைத்த சட்டையை எடுத்துக் கொடுத்தார். பெரிதாக இருந்தது. முதுகுப் பக்கம் மடித்து ஊசி குத்திப் போட்டுவிட்டேன். குழு வந்தபோது அவள் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார்கள். சாயங்காலம் அதே பாட்டைப் பாடினார்கள். பை வைத்த சட்டை அதற்கு ஒரு வாரம் கழித்து வந்தது.

அம்மா கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். குழு இருக்கும் இரண்டு வாரம் மூன்று வேளையும் சமையல். குழு போன மறுநாளிலிருந்து காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, இருட்டுவதற்கு முன்னால் ஒன்று. குழுக்கள் கொண்டுவரும் பால் பவுடரும் பருப்பும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. வேன் வரும், ஏற்றிக்கொண்டு போகும். எனக்கு ஆபீஸில் தனித்தட்டு வைப்பார்கள். அதைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடுகிறேன், ஆளுக்கு ஒரு வாய் வருவதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று முறை வைத்திருக்கிறேன்.

ஏன் எழுதவில்லை என்றால், முதலில் கவர். அப்புறம் வெட்கம். இருக்கவா என்று கேட்டவள் நான்தானே. நீங்கள் கடையில் எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள் என்றும் தெரியும். கிளம்பி வந்துவிடலாம் என்று இரண்டு தடவை பெட்டியைக் கட்டினேன். நான் போனால் அந்த ஐந்து பேர் முறையும் நின்றுவிடும்.

ஜூன் இருபதுக்கு அவர்கள் சொன்னபடி தைக்காதீர்கள். கை வைக்காமல் தையுங்கள். நான் எடுத்த அளவுக்கே தையுங்கள், எதையும் திருத்தாதீர்கள். ஜூன் குழுவில் ஒரு டாக்டர் வருகிறார், நம் ஊர்க்காரர். முந்தின நாள் சாயங்காலம் வந்து சேரும்படி அவரிடம் கொடுத்தனுப்புங்கள். பீரோவில் இருக்கும் சட்டைகளையெல்லாம் அன்றைக்கே துவைக்க ஊறப்போட்டுவிடுவேன்.

உங்கள் மகள்.


ஜூன் 15

என் கண்ணுக்கு,

டாக்டர் நாளை மறுநாள் கிளம்புகிறார். இது சட்டைகளோடு வருகிறது.

முப்பது சட்டைக்கு எட்டு நாள் ஆனது. என் கை தானாகவே தாராளமாக வெட்டப் போகிறது, பழகிய கை. அதனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அளவையும் வாய்விட்டுப் படித்தாள். நான் சாக்பீஸால் கோடு போட்டதும் டேப்பை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் கத்திரியைக் கையில் கொடுத்தாள். பன்னிரண்டாவது சட்டையில் அவளுக்குக் குரல் போய்விட்டது. அதற்குமேல் விரலைக் காட்டினாள், நான் படித்துக்கொண்டேன்.

துணிக்கடைக்காரர் வந்தார். தைத்துத் தொங்கவிட்டிருந்த ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்து, "என்ன, பொம்மைக்குத் தைக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். வேடிக்கையாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. "நேர்ல பாத்தாத்தான் எதையும் சொல்ல முடியும்" என்றார். நமக்கு அது போதும்.

உன்னை இருக்கச் சொன்னவன் நான். யாரோ ஒரு பேண்ட்காரர் முகத்தைப் பார்ப்பதற்காகச் சொன்னேன்.

அப்பா.


ஜூன் 27

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் உயிரோடு, சாப்பிட்டு, நலமாக இருக்கிறேன். இது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவது. கவரை நானே ஒட்டினேன்.

இருபதாம் தேதி காலையில் முழுக்கைச் சட்டைகள் எல்லாம் வாளியில் நனைந்து கிடப்பதைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்றார். அதற்குள் பஸ் வாசலுக்கு வந்துவிட்டது. நீங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அப்படிப் பொருந்தியது, அப்பா. இவ்வளவு அழகாகப் பொருந்திய சட்டையை நான் பார்த்ததே இல்லை. பார்க்கவும் முடியவில்லை.

வந்தவர்கள் பிள்ளைகளின் கைகளையே பார்த்தார்கள். ஓர் அம்மாள் ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பெரியம்மா உடனே சுதாரித்துக்கொண்டார். "இதுக்காகத்தான் உங்கள எதிர்பாத்து நிக்கிறோம். நீங்க இன்னும் கொஞ்சம் குடுத்தா இந்தக் கையெல்லாம் தேறிடும்" என்று அவரும் அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். நன்கொடைப் பெட்டியில் போன தடவையைவிட அதிகம் போட்டார்கள். எல்லாம் முடிந்தது, அடுத்த வேன் நிறையப் போகப் போகிறது என்று நினைத்தேன்.

டாக்டர் மட்டும் கைதட்டவில்லை. பிள்ளைகளின் எடைக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டார். எடைமெஷினே இல்லை என்றேன். என் நோட்டைக் கொடுத்தேன். மார்பு, தோள், உயரம் எல்லாவற்றையும் தாண்டிக் கைச்சுற்றில் போய் நின்றார். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார்.

"இத எடுக்கச் சொன்னது யாரு?"

"முழுக்கை தைக்கணும்னு பெரியம்மாதான் சொன்னாங்க."

"நாங்க பட்டினிய இதுலதாம்மா அளக்குறோம்" என்றார். அன்றைக்கு ராத்திரி வந்தவர்கள் திரும்பிய பஸ்ஸில் அவர் ஏறவில்லை. இரண்டு நாளில் போலீஸோடு வந்து முப்பது பேரையும் இங்கே சேர்த்தார். ஆறு பேருக்கு டிரிப் ஏறுகிறது. இரண்டு பையன்களைப் பற்றி அவர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

விசாரணையில் பெரியம்மா முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மார்பு இருபத்துநாலு. முப்பது வருஷம் தொழில் செய்த டெய்லர் தைத்தது, மார்ச்சில் பிள்ளைகள் இந்தச் சட்டை அளவுக்குத்தான் இருந்தார்கள், இப்போதுதான் ஏதோ நோயில் இளைத்துவிட்டார்கள், நோட்டில் இருப்பது இந்தப் பெண்ணாக எழுதிக்கொண்டது, புதுச் சட்டையைச் சின்னதாகத் தைத்து நாடகம் ஆடுகிறாள் என்றார். போலீஸுக்கு, தபாலில் வந்து உங்களிடம் இருக்கும் பட்டியல்தான் வேண்டுமாம். நம் ஊரில் ஓர் அதிகாரி உங்களிடம் வாக்குமூலம் வாங்குவார்.

உங்கள் மகள்.


ஜூலை 9

என் கண்ணுக்கு,

இங்கே இருவரும் நலம். அந்த இரண்டு பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் எழுது.

நேற்று வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தாள், வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி நடுத்தர வயது, கண்ணாடி. இரண்டு பட்டியலையும் வாங்கி, கவரில் இருந்த தபால் முத்திரையில் தேதி பார்த்துக் குறித்துக்கொண்டார். அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் ஜனவரிப் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்தச் சிவப்பு யாரோடது?"

"என்னுதுதான் சார்."

"உங்க பொண்ணு எடுத்த அளவ நீங்களே தப்புன்னு திருத்தியிருக்கீங்க."

"ஆமா சார்."

"ஒண்ணு ரெண்டு இல்ல. முப்பத்தொண்ணும்."

"ஆமா சார்."

"அந்தம்மாவோட வக்கீல் இதத்தான் கேக்கப் போறாரு. பெத்த அப்பா, அதுவும் தொழில் தெரிஞ்சவர், அவரே இந்தப் பட்டியல நம்பல. நாங்க எப்படி நம்புறதுன்னு."

முப்பது வருஷமாக என் அளவு தப்பாது என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அந்தப் பெருமை முழுவதும் அந்தத் தாளில் சிவப்பாக இருந்தது. அதை வைத்துத்தான் அவர்கள் உன்னைப் பொய்க்காரி ஆக்கப் போகிறார்கள். பட்டனின் வரியைப் பார்த்தேன். இருபது என்று உன் கையெழுத்து, அதை அடித்து இருபத்துநாலு என்று என் கையெழுத்து. அன்றைக்கு இருபதை இருபதாக நான் படித்திருந்தால், அவளைக் காப்பாற்ற மூன்று மாதம் இருந்தது.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "இத்தன வருஷ அனுபவம் இருக்கே, ஏங்க திருத்துனீங்க?"

"ஒரு புள்ள அந்த அளவுல இருக்கும்னு எனக்குத் தெரியாது சார்."

அவர் பேனாவை மறுபடி திறந்தார். அப்புறம் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். பட்டியலில் உள்ள அளவுகள் சரியானவை. டெய்லர் அவற்றை நம்பாமல் கூட்டித் தைத்தார். சட்டைகளே தவறானவை. பிள்ளைகள் முப்பது பேர் என்று இருந்தது. முப்பத்தொன்று என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்.

கையெழுத்துப் போட்டேன்.

அப்பா.